மீன் எண்ணெய் போதுமா?

கேள்வி: என் அப்பா ராஜபாளையம் நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு மீன் எண்ணெய், மெக்னீசியம் மாத்திரைகளுக்கு மாறப் போகிறேன் என்கிறார். சரியா?
- ஒரு வாசகி, ராஜபாளையம்

பதில்: வேண்டாம் அம்மா, தடுத்துவிடுங்கள். இந்த நோயில் இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் நடுங்குகின்றன. அங்கே ரத்தம் தேங்கி உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். ரத்தம் உறையாமல் காக்கும் மருந்தின் வேலையை எந்தச் சத்து மாத்திரையும் செய்யாது. மீன் எண்ணெயோ, அதிக அளவில் எடுத்தால் இதே கோளாறு வரும் வாய்ப்பைக் கூட்டுவதாகப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மெக்னீசியம், ரத்தத்தில் குறைந்திருந்தால் மட்டும், டாக்டர் சொல்லி எடுக்க வேண்டியது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆபத்து.

அப்பா செய்ய வேண்டியது வேறு. உடல் பருமன் இருந்தால் குறைக்கட்டும். அடிலெய்டில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில், எடையில் 10 சதவீதம் குறைத்துக் காத்தவர்களுக்குத் துடிப்புக் கோளாறு திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா விசேஷ நாளோடு நிற்கட்டும். மது கூடவே கூடாது. பிரஷர் கட்டுக்குள் இருக்க வேண்டும். பலத்த குறட்டை இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் இதற்கு ஒரு காரணம். ரத்தம் உறையாமல் காக்க வார்ஃபரின் என்ற மருந்தைச் சாப்பிடுகிறார் என்றால் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம்.

வாய் கோணினாலோ, கை கால் தளர்ந்தாலோ, மயங்கினாலோ உடனே 108ஐ அழையுங்கள்.