ஏரிக்காற்றுக்கு ஏற்ற அரைக்கைச் சட்டை

திருப்பாலைவனம், பழவேற்காடு பக்கம் வெயிலோடு ஈரக்காற்றும் சேரும். கம்பளி, அக்ரிலிக் நூல் ஆகாது. மெல்லிய பருத்தி நூலே எடுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் இங்கிருந்து கப்பலேற்றியதும் பருத்தித் துணிதான். சற்றுப் பருமனான ஊசியில் பின்னினால் கண்ணி விரிந்து காற்று புகும்.

பருத்தி தன் எடையிலேயே தொய்யும். அதனால் முதலில் ஒரு சாண் சதுரம் பின்னி, துவைத்து உலர்த்திய பிறகே அளவெடுங்கள். 10 செ.மீ.க்கு 20 கண்ணி வந்தால், மார்புச் சுற்று 90 செ.மீ. உள்ளவருக்குத் தளர்வுக்கு 10 செ.மீ. சேர்த்து 200 கண்ணி. முன்பக்கம் 100, பின்பக்கம் 100. வலை பின்னும் வீடுகளுக்கு இந்தக் கணக்கு எளிதில் பிடிபடும்.

அக்குளைத் தாராளமாக இறக்கிவிடுங்கள். வியர்வை முதலில் தேங்குவது அங்கேதான். கழுத்தோரத்தை மட்டும் மெல்லிய ஊசியில் இறுக்கிப் பின்னுங்கள். துவைத்ததைக் கொடியில் தொங்கவிடாமல் நிழலில் பாய்மேல் பரப்புங்கள்.