பொதுக்குறையும் முறையீடும்

முத்தைப் பற்றிப் பேசாது தூத்துக்குடியைப் பற்றிப் பேசத் தொடங்குதல் தமிழ் மாணவர்க்கு அழகன்று. ஆதலின் நாமும் முத்தினின்றே தொடங்குகின்றோம். பாண்டியன் அவையிற் சென்று நின்ற கண்ணகிக்கு எடுத்துரைக்க வேண்டிய துயர் பலவாம். கணவனை இழந்தாள், செல்வத்தை முன்னரே இழந்தாள், புதிதாய் வந்த ஊரில் துணையும் இலள். அவையனைத்தையும் அவள் விரித்துரைத்திருப்பின் மன்னன் இரங்கியிருக்கக் கூடும். தன் தீர்ப்புப் பிழையென்று ஒப்பியிருப்பான் என்பது ஐயமே. அவள் கைக்கொண்ட வழக்கோ ஒன்றே. சிலம்பின் உள்ளே இருக்கும் பரல் யாது? அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பு உடைந்தது; வழக்கும் அத்துடன் தீர்ந்தது.

இக்காலத்தில் அரசர் வாயிலுக்கு ஒப்பானது ஆட்சியர் அலுவலகம். திங்கட்கிழமைதோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள் அங்கே நடைபெறுகின்றது. மனு எழுதித் தருவோர் மரத்தடியில் அமர்ந்திருப்பர். பெறுநர், அனுப்புநர் என்னும் இரண்டையும் எழுதியபின் அவர் பேனா ஓரிடத்தில் நின்றுவிடும். அவ்விடத்திற்குப் ‘பொருள்’ என்று பெயர். ஒருநாள் நாம் அங்கே நின்றிருந்தபோது ஒரு மூதாட்டி குடிநீர், பாதை, முதியோர் உதவித்தொகை, பக்கத்து வயலின் வரப்பு ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சிற் கூறினார். எழுதுபவர் நிமிர்ந்து நோக்கி, “ஆச்சி, ஒரு மனுவுக்கு ஒரு பொருள்தான். எதை எழுதட்டும்?” என்றார். ஆச்சி நெடுநேரம் விடை கூறவில்லை. ஓராண்டு முழுவதும் பொருளதிகாரம் பயின்றும் நமக்கு விளங்காதிருந்த அச்சொல்லின் அருமை அம்மரத்தடியிலேதான் விளங்கிற்று.

தனியொருவர்க்கே இத்துணை இடர்ப்பாடு உண்டெனின், ஓர் ஊரோ சங்கமோ திரண்டு முறையிடப் புகுங்கால் அவ்விடர் எத்துணை மிகும்! பலர்க்குப் பல குறைகள் உள. அவற்றுள் முதலில் நிற்பது எது? அதனை முடிவு செய்பவர் யார்? அதைத் தீர்க்கும் அதிகாரம் எவர் கையில் உளது? இவ்வினாக்களை நம் நகரின் சரித்திரத்தைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் 1908ஆம் ஆண்டு. வ. உ. சிதம்பரம் பிள்ளையவர்கள் 1906இல் சுதேசிக் கப்பற் கம்பெனியை நிறுவி, வெள்ளையர் கப்பலோடு போட்டியிட்டுவந்த காலம் அது. அவர் உள்ளத்தில் முதலிடம் பெற்றவை கப்பலும் சுயராஜ்யமுமே. ஆயின் ஹார்வி கம்பெனியார் நடத்திய கோரல் மில்லின் தொழிலாளர்க்கோ விடியுமுன் தொடங்கி இருட்டும்வரை நீளும் வேலையும், அற்பக் கூலியும், ஓய்வுநாள் இன்மையும் அன்றாடத் துயரமாய் இருந்தன. அவ்வாண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினர். பிள்ளையவர்களும் சுப்பிரமணிய சிவாவும் நாள்தோறும் அவரிடையே பேசினர். கூலி உயர்வு, வேலைநேரக் குறைப்பு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை ஆகியவை அவர்தம் கோரிக்கைகள். அவற்றுள் சுயராஜ்யம் இல்லை என்பதை நோக்குக. தலைவர்தம் விருப்பத்தைத் தொழிலாளர் வாயில் வைத்துப் பேசாது, தொழிலாளர் விருப்பத்தைத் தலைவர் தம் வாயில் வைத்துப் பேசினர். மேலும் அவை மூன்றும் ஆலை நிர்வாகி ஒருவர் ஒரு கையெழுத்தால் தரக் கூடியவை. நகரத்தார் தொழிலாளர்க்கு உணவும் உதவியும் அளித்தனர். மார்ச்சு மாதத்தின் முதல் வாரம் கழிவதற்குள் நிர்வாகம் இணங்கிற்று. அம்மாதம் 12ஆம் நாள் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார்கள். பின் நிகழ்ந்தவற்றை அறியாதார் இந்நாட்டில் இலர்.

நிற்க. ஆலைத் தொழிலாளர் ஒரே கூரையின் கீழ் ஒரே கூலி பெற்றவர். அவர் ஒன்றுபடுதல் எளிது. கடற்றொழிலோ அத்தகையதன்று. திரேஸ்புரத்து வள்ளக்காரரும் மீன்பிடித் துறைமுகத்து விசைப்படகுக்காரரும் ஒரே கடலுக்குச் செல்பவரேனும் ஒரே நலம் உடையவரல்லர். இறால் ஏற்றுமதியின் பொருட்டு இழுவைமடிகள் பெருகிய காலத்தில், தம் வலைகள் அறுபடுவதையும் கரையோர மீன்வளம் குறைவதையும் கண்டு, தமிழ்நாட்டுக் கரையெங்கும் கட்டுமரத்தாரும் நாட்டுப்படகினரும் கிளர்ந்தெழுந்தனர். கடலில் மோதல்களும் நிகழ்ந்தன. இழுவைமடியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்போர் அவருள் இருந்தனர். சட்டத்தில் ஏறியதோ அதனினும் சிறிய ஒன்று. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும், கரையினின்று மூன்று கடல்மைலுக்குள் விசைப்படகு மீன்பிடித்தலாகாது என்றும், காலை 5 மணிக்குப் பின் புறப்பட்டு இரவு 9 மணிக்குள் கரை சேர்தல் வேண்டும் என்றும் வகுத்தன. நீரின்மேற் கோடு கிழித்தல் மடமை என்பர். அவ்வாறு கிழித்த ஒரு கோடே எளியவர்க்கு வழக்காடக் கிடைத்த முதற் கருவியாயிற்று. அக்கோட்டைக் கடந்து வருவார் உளராயினும், கடந்தார் என்று குற்றஞ்சாட்டவேனும் இப்போது ஒரு கோடு உண்டு.

இனி, இந்நகரின் பெயரை உலகறியச் செய்த வழக்கிற்கு வருவோம். மராட்டிய நாட்டு இரத்தினகிரியில் மாந்தோப்பு உழவர் முதலியோர் எதிர்ப்பால் 1993இல் நின்றுபோன ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு, 1994இல் தூத்துக்குடியில் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1996இல் தாமிரத் தாது ஏற்றிவந்த கப்பலை மீனவர் தம் படகுகளால் மறித்தனர். கடலார்க்குக் கழிவுநீர் பற்றிய அச்சம், உழவர்க்கு நிலத்தடி நீர் பற்றிய அச்சம், நகரத்தார்க்கோ மூச்சு. இம்மூன்றையும் எடுத்துக்கொண்டு நீதிமன்றம் சென்றவர்க்கு ‘பொருள்’ என்னும் வரியில் எழுதக் கிடைத்தது தூரம். மன்னார் வளைகுடாவினின்று 25 கிலோமீட்டர்க்கு அப்பால் ஆலை அமைதல் வேண்டும் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே நிபந்தனை விதித்திருந்தது. வான் தீவு, காரைச்சல்லி முதலிய தீவுகளோ அவ்வெல்லைக்குள்ளேயே உள்ளன. அளவுகோல் கொண்டு காட்டத்தக்க சான்று இது. கண்ணகியின் பரல் போன்றது என்றே எவரும் எண்ணுவர். 2010ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றமும் ஆலையை மூடுமாறு ஆணையிட்டது.

ஆயினும் 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கிற்று. அத்தீவுகளைத் தேசியப் பூங்காவாக்கும் கருத்து 1986இலேயே அறிவிக்கப்பெற்றதேனும் முடிவான அறிவிக்கை வெளிவந்திலது என்று அது கண்டது. அரசாங்கம் முடிக்காது விட்ட ஒரு தாளினால் மக்கள் வழக்கு வீழ்ந்தது! மாசு விளைத்தமைக்காக 100 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆலைக்கு விதிக்கப்பட்டது, ஆலை நடந்தது. ஒரே காரணத்தைப் பற்றிக்கொள்ளுதலில் உள்ள அபாயம் இது. சிலம்பினுள் மாணிக்கம் இல்லாதிருப்பின் கண்ணகி யாது செய்திருப்பாள் என்று இளங்கோவடிகள் நமக்குக் கூறிற்றிலர்.

இரண்டாம் முறை தொடங்கியது நகரத்திலன்று, ஒரு சிற்றூரில். ஆலையை விரிவாக்கும் பணி தங்கள் ஊர் அருகே தொடங்கக் கண்ட அ. குமாரரெட்டியார்புரத்து மக்கள் 2018ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் ஊரில் அமர்ந்து போராடத் தொடங்கினர். முதற்கண் விரிவாக்கமே வேண்டா என்றனர். நகரத்தாரும் மீனவரும் வணிகரும் மாணவரும் சேரச் சேர, ஆலையே வேண்டா என்று அது வளர்ந்தது. போராட்டம் எட்டு வாரம் கடந்தபோது, ஏப்ரல் 9ஆம் நாள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலையின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. அதற்கு அது கூறிய காரணங்களைக் கூர்ந்து நோக்கினால் ஒன்று புலனாகும். மூச்சுத் திணறல் பற்றி அவற்றுள் பேச்சு இல்லை. தாமிரம் பிரிந்தபின் எஞ்சும் கரிய கசட்டை உப்பாற்றங்கரையிலும் தனியார் நிலங்களிலும் கொட்டியது, நிலத்தடி நீரை ஆராய்ந்த அறிக்கைகளை அளியாமை போன்ற நிபந்தனை மீறல்களே அங்கே பேசப்பட்டன. பின்னர் 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் உயர்நீதிமன்றமும், 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 29ஆம் நாள் உச்சநீதிமன்றமும் ஆலை மூடியதை நிலைநிறுத்தியபோதும் இத்தகைய மீறல்களே முன்னின்றன. உச்சநீதிமன்றம் எடுத்துக்காட்டிய கசட்டுக் குவியல்கள் 11 இடங்களில் இருந்தன.

ஆகவே மக்கள் ஒரு மொழியில் அழுதனர். அதிகாரம் வேறொரு மொழியில் கேட்டது. ஒன்றை மற்றொன்றாகப் பெயர்த்தவர் யாவர்? ஆண்டுக்கணக்காய் வாரியத்தின் கோப்புகளையும் நீர் ஆய்வுத் தாள்களையும் தேடித் தொகுத்து நீதிமன்றத்தில் வைத்த சிலரே. மேடையில் அவர் மிகுதியும் தோன்றார். எனினும் கோப்பு மட்டும் போதும் என்று வழக்கறிஞர் நண்பர் சிலர் கூறுவதை நாம் ஒப்போம். அந்நிபந்தனைகள் பல முன்னரே ஏட்டில் இருந்தன. ஆயிரவர் எட்டு வாரம் வெயிலில் அமர்ந்த பின்னரே அவ்வேடு திறந்தது.

அதற்கு இந்நகர் கொடுத்த விலையை எழுதக் கை கூசுகின்றது. போராட்டத்தின் நூறாம் நாளான மே 22 அன்று மக்கள் திரண்டு கோரம்பள்ளத்து ஆட்சியர் அலுவலகம் நோக்கி நடந்தனர். அன்று செவ்வாய்க்கிழமை; மனு வாங்கும் நாளன்று. அந்நாளும் மறுநாளும் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டனர். 28ஆம் நாள் ஆலையை நிலையாக மூடும் அரசாணை வெளிவந்தது. பின்னர் விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் காவல்துறையின் செயலிற் குற்றங் கண்டது. ஆறு நாளில் எழுதத் தக்க ஆணையை ஏழு நாள் முன்னர் எழுதியிருத்தல் ஆகாதோ என்னும் வினா, இறந்தார் வீடுகளிலன்றி வேறெங்கும் இப்போது கேட்கப்படுகின்றதா என்பது ஐயமே.

நம் தமிழ்மன்றத்தில் இப்பொருள் பற்றி ஒருநாள் வாதம் நிகழ்ந்தது. மூடுதலே சரியென்று ஏறத்தாழ அனைவரும் பேசி முடித்தபின், பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் எழுந்தார். அவர் தந்தை அவ்வாலைக்குச் சரக்கு ஏற்றிய லாரி ஓட்டியவர். 2018க்குப் பின் ஈராண்டு வேலையின்றி இருந்தவர். ஆண்டுக்கு நான்கு இலட்சம் டன் தாமிரம் செய்யவல்ல ஆலை நின்றதனால் இந்தியா தாமிரம் ஏற்றுமதி செய்யும் நிலையினின்று இறக்குமதி செய்யும் நிலைக்கு மாறியதை அவர் எடுத்துக்கூறவில்லை. அது நாம் பின்னர் படித்தறிந்தது. அவர் கேட்டது வேறு: “நூறு நாள் கூட்டத்திலே, ஆலை மூடினா வேலை போறவங்களுக்கு என்ன வழின்னு ஒரு கோரிக்கை இருந்துச்சா, அண்ணே?” என்றார்.

அவையில் எவரும் விடை கூறவில்லை. ஆலையைத் திறக்க வேண்டுமென்று வேலை இழந்தோர் சிலரும் ஆட்சியரிடம் மனு அளித்துவந்தனர் என்பது பின்னர் அவர் சொல்லவே நமக்குத் தெரிந்தது. தம் தந்தை எழுதுவித்த மனுவின் படியொன்றை மறுநாள் அவர் கொண்டுவந்து காட்டினார். ‘பொருள்’ என்னும் வரியில் ஆலை என்னும் சொல்லே இல்லை. மகனுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு உதவி வேண்டி என்று எழுதியிருந்தது.