முதலில் மோட்டார், பிறகு மொட்டை மாடி

பாலிடெக்னிக்கில் மின்னியல் படிக்கிற பிள்ளைகளிடம், "உங்கள் குடியிருப்பின் மின்செலவைக் குறைக்க ஒரு திட்டம் எழுதி வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பு முழுக்க ஒரே விடைதான் வரும்: சோலார். ஏனப்பா என்றால், "அப்பா சொன்னார் சார், அதுக்குத்தான் இப்போ ஸ்கோப்" என்பார்கள். அந்த அப்பாக்கள்தான் அடுக்குமாடிச் சங்கங்களின் பொதுக்குழுவிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிர் அபார்ட்மென்டின் மாடியில் நீலப் பலகை பளபளத்ததும் இங்கேயும் தீர்மானம் போட்டுவிடுகிறார்கள். பத்து முதல் நாற்பது வீடுகள் உள்ள சங்கங்கள், கையெழுத்துப் போடும் முன் எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஒரே கட்டடத்துக்குள் மின்சாரத்துக்கு இரண்டு விலை இருப்பதை முதலில் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் கட்டணம் மாறியபோது மோட்டார், லிஃப்ட், படிக்கட்டு விளக்கு எல்லாம் ஓடுகிற பொது இணைப்பைத் தனி வகையாக்கி, யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தார்கள். இலவச யூனிட் அதற்குக் கிடையாது. அடுத்த ஆண்டே அது 8.15 ஆனது. வீட்டு இணைப்போ 2024 கட்டணப்படி இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடினால் ஏறக்குறைய 700 ரூபாய். 100 யூனிட் இலவசத்தையும் சேர்த்துப் பார்த்தால், சராசரியாக யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய்கூட வரவில்லை. ஆகவே ஊர்கூடித் தேர் இழுப்பதென்றால் இழுக்க வேண்டிய இடம் பொது மீட்டர்தான். இன்னொன்று: பத்து வீடுகளுக்கு மேற்படாமல், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாமல் இருக்கும் குடியிருப்புகளுக்கு 2023 அக்டோபரில் பொது இணைப்புக் கட்டணத்தை 5.50 ஆகக் குறைத்தார்கள். உங்கள் கட்டடம் அதில் வருமானால், பில்லில் எந்த வகை போட்டிருக்கிறது என்று பாருங்கள். மாறாமல் கிடந்தால் செக்‌ஷன் ஆபீசில் ஒரு மனு போதும்.

எல்இடி, படிக்கட்டில் சென்சார் விளக்கு, ஏசியை 24 டிகிரியில் வைப்பது ஆகியவற்றை நீங்கள் ஏற்கெனவே செய்திருப்பீர்கள். மின்விசிறியில் மட்டும் சங்கம் சேர்ந்து செய்ய ஒன்று உண்டு. பழைய விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். இருபது வீடுகள் சேர்ந்து அறுபது விசிறி கேட்டால் டீலர் விலையைக் குறைப்பார், மாட்டியும் கொடுப்பார். ஜெனரேட்டர் இருந்தால் அதை லிஃப்டுக்கும் மோட்டாருக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் டீசலில் மூன்று யூனிட் சொச்சம்தான் கிடைக்கும். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் என்ன விலை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

நான் மோட்டார் கட்சி; ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பல கட்டடங்களின் கரண்ட் பில் தண்ணீராகத்தான் கொட்டுகிறது. ஓவர்ஹெட் டேங்கின் வழிகுழாய்க்கு நேர்கீழே சுவரில் பாசி படிந்திருந்தால் ஃப்ளோட் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். லிஃப்ட், விளக்கு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மோட்டாரை மட்டும் ஒரு மணி நேரம் ஓட்டி, பொது மீட்டரின் எண்ணை முன்னும் பின்னும் குறித்துக்கொள்ளுங்கள். 5 எச்பி மோட்டார் என்றால் நாலரை யூனிட் சுமாருக்கு ஏறும். அதே நேரத்தில் டேங்கில் எத்தனை அடி ஏறியது என்றும் பாருங்கள். முன்பு நாற்பது நிமிடத்தில் நிரம்பிய டேங்க் இப்போது ஒரு மணி நேரம் பிடிக்கிறதென்றால் இம்பெல்லர் தேய்ந்திருக்கும், அல்லது ஃபுட் வால்வு கசியும். சரிசெய்து, நாளுக்கு ஒரு மணி நேர ஓட்டம் குறைந்தாலே மாதம் 135 யூனிட், ஆயிரம் ரூபாய்க்கு மேல் மிச்சம். இதற்குப் பிளம்பர் கூலி போதும், வங்கிக் கடன் வேண்டாம்.

இனி சோலாருக்கு வருகிறேன். அது கெட்டதென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இன்று அதை விற்கிற விதமும் வாங்குகிற வேகமும் சரியில்லை.

விற்பனைப் பிரதிநிதி எடுத்த எடுப்பில் 78,000 ரூபாய் மானியம் என்பார். 2024 பிப்ரவரியில் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் அது உண்மைதான். ஆனால் அது தனி வீட்டு இணைப்புக்கு, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் கிடைக்கும் உச்சவரம்பு. குடியிருப்போர் சங்கம் பொது வசதிகளுக்குப் போட்டால் கிலோவாட்டுக்கு 18,000. இரண்டையும் கலந்து பேசுபவரிடம் விலைப்புள்ளியை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்து, மாடி யாருடையது? ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத இடம் 100 சதுர அடியாவது வேண்டும். இருபது வீடும் ஆளுக்கு மூன்று கிலோவாட் கேட்டால் 6,000 சதுர அடி. டேங்க், லிஃப்ட் அறை, துணிக்கொடி போக அவ்வளவு இடம் எந்த மாடியில் இருக்கிறது? முந்திக்கொண்ட மூன்று வீடுகள் மாடியை எடுத்துக்கொள்ளும். அதே பங்குள்ள கீழ்வீட்டுக்காரர் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான். தட்டோட்டைத் துளைத்து ஸ்டாண்டுக்கு போல்ட் இறக்கினால் அடுத்த ஐப்பசியில் மேல்வீட்டுக் கூரை ஒழுகும். அந்தச் செலவு யாருடையது என்ற சண்டையில் சங்கமே இரண்டாகும்.

வரவுக் கணக்கும் பாருங்கள். ஒரு கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். மூன்று கிலோவாட் இரண்டு மாதத்தில் 720 யூனிட். மேலே சொன்ன 2024 கட்டணப்படி 300 யூனிட் வீட்டுக்கு இதனால் மிச்சமாவது பில்லுக்கு 700, ஆண்டுக்கு 4,200 ரூபாய். கடன் வாங்கிப் போட்டால் வட்டிக்கே அது காணாது. இரண்டு ஏசி ஓடும் வீட்டின் கணக்கு வேறு. ஆனால் விளம்பரத் தாளில் இருப்பது எப்போதும் அந்த வீட்டுக் கணக்குதான்.

கரண்ட் போனால் சோலார் கைகொடுக்கும் என்றும் நம்புகிறார்கள். பேட்டரி இல்லாத சாதாரண அமைப்பில் கம்பியில் மின்சாரம் நின்றதும் இன்வெர்ட்டரும் நின்றுவிடும். லைன்மேன் உயிருக்காக அப்படித்தான் செய்திருக்கிறார்கள். பேட்டரி சேர்த்தால் விலை எகிறும், சில ஆண்டுகளில் மாற்றவும் வேண்டும். பலகையைக் கழுவ ஆள் வேண்டும். உப்புப் போர்த் தண்ணீரில் கழுவினால் வெள்ளை பூத்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு குடியிருப்பில் இன்வெர்ட்டர் பழுதானபோது வாரன்டி அட்டையில் இருந்த நம்பரை யாரும் எடுக்கவில்லை. பலகைகள் மாதக்கணக்கில் சும்மா வெயில் காய்ந்தன. கடன் தவணை மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

அப்படியானால் எப்போது போடலாம்? மோட்டாரைச் சரிசெய்து, விளக்கை மாற்றி, ஓராண்டுப் பில் இறங்கிய பிறகு, இறங்கிய அளவுக்குத் தக்கபடி, பொது இணைப்புக்கு மட்டும் போடுங்கள். தண்ணீர் ஏற்றுவதைக் காலை பத்துக்கும் மதியம் மூன்றுக்கும் இடையில் வையுங்கள். உங்கள் பொது இணைப்புக்கு நெட் மீட்டர் (கொடுத்த யூனிட்டை எடுத்த யூனிட்டில் கழிக்கிற மீட்டர்) எந்த விதியில் கிடைக்கும் என்பதைச் செக்‌ஷன் ஆபீசில் கேட்டுத் தெரிந்துகொண்டு, ஐந்தாண்டுப் பராமரிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். இந்த வரிசையைத் தலைகீழாக்குவது ஓட்டைக் குடத்தை அடைக்காமல் புதுக் குழாய் இழுக்கிற வேலை.

இந்த வரிசைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சியை எல்லோரும் காற்றாலைக்காகப் பாராட்டுகிறார்கள். 2006-ல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கிய ஊர் அது. ஆனால் அதற்கு முன்பே அங்கே வந்தது, குடிநீர் இறைக்க, தாவரக் கழிவை எரிவாயுவாக்கி ஓடும் ஒரு 9 கிலோவாட் பயோமாஸ் கேசிஃபையர். காற்றாலைக்கு ஊராட்சி தன் சேமிப்பைப் போட்டு, மீதிக்குத்தான் வங்கிக்குப் போனது. தலைவர் சண்முகம் 1996 முதல் பத்தாண்டு பதவியில் இருந்தார். அந்தப் பத்தாண்டும் அந்தக் காற்றாலையின் விலையில் சேர்த்தி.

ஆளுக்கு ஆள் சுபாவம் மாறுவது மாதிரி கட்டடத்துக்குக் கட்டடமும் மாறும். ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த குடியிருப்பில் பகலில் மேற்பார்வைக்கு ஆள் உண்டு. வாடகைக்காரர்கள் நிறைந்த இடத்தில் பெரிய முதலீடு ஒட்டாது. கணக்கில் கெட்டியான ஒரு அக்கா உங்கள் சங்கத்தில் இருந்தால் அவரிடம் பில் நோட்டைக் கொடுங்கள். கை வேலை தெரிந்த பையன் இருந்தால் மோட்டார் அறைச் சாவியைக் கொடுங்கள். மெயின்டனன்ஸில் வீட்டுக்கு மாதம் நூறு ரூபாய் தனியாக ஒதுக்கி வாருங்கள். மிச்சமாகும் ஒவ்வொரு பில் தொகையையும் அதிலேயே போடுங்கள். ஓராண்டு இதைச் செய்த சங்கத்திடம் கையில் காசும் இருக்கும், எத்தனை யூனிட் எங்கே போகிறது என்ற கணக்கும் இருக்கும். அப்புறம் எந்தக் கம்பெனிக்காரர் வந்தாலும் அவர் பேச நீங்கள் தலையாட்ட வேண்டியதில்லை. நீங்கள் கேட்பீர்கள், அவர் பதில் சொல்வார்.