கடைமடைக்கு ஆயில் ஏறுதா, பார்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு,

பேராவூரணியில் முப்பது வருஷத்துக்கு மேலாக டிராக்டர் என்ஜின் பிரித்துக்கொண்டிருக்கிறேன். கிராங்க் கெட்டு, பிஸ்டன் பிடித்து என் கைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஆயில் இல்லாமல் கெட்டவை அல்ல. சேம்பர் நிறைய ஆயில் இருந்தும், போக வேண்டிய இடத்துக்கு அது போகாமல் கெட்டவை.

இது நம் ஊர்க்காரனுக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. மேட்டூர் அணை கட்டிய அதே திட்டத்தில் வெட்டிய கல்லணைக் கால்வாயின் கடைமடை நாம். ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும் நம் வாய்க்காலில் தண்ணீர் தலை காட்டக் காத்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் கரையோடு நடந்து, எங்கே அடைப்பு, எங்கே உடைப்பு என்று பார்ப்போம். என்ஜினிலும் அதே நடைதான். சேம்பர், ஜல்லடை, பம்ப், பில்டர், பிளாக்கின் நடுவே ஓடும் பெரிய துளை, அங்கிருந்து கிராங்க், கேம், எல்லாம் தாண்டி மேலே ராக்கர் ஆர்ம். அதுதான் கடைமடை.

1. ஆயில் லைட் எரிகிறது என்று போன் வந்தால், என்ன ஏது என்று விசாரிப்பதற்கு முன் "அண்ணே, வண்டிய அணைச்சிருங்க, நான் வர்றேன்" என்று சொல். இந்த மூலை முடிந்ததும் அணைக்கிறேன் என்பார்கள். விடாதே. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்த பிறகு, விழுந்த தென்னைகளை இழுக்க டிராக்டர்கள் இரவு பகலாக ஓடின. அப்போது வந்த வண்டி ஒன்றில் லைட் எரிந்துகொண்டே இருக்கிறது என்று ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார்கள். பிரித்தபோது கான்ராடு பேரிங் உருகிக் கிராங்கோடு ஒட்டியிருந்தது. கிராங்க் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. தோப்பை இழந்த மனிதரிடம் அந்தச் செலவைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

2. சமதரையில் நிறுத்தி, பத்து நிமிஷம் ஆயில் இறங்க விட்டு, ஸ்டிக்கை எடு. அளவை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிச் செருகாதே. பால் விட்ட காபி நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் பேக்கிங், ஆயில் கூலர் இருந்தால் அது, அல்லது வண்டி தண்ணீரில் மூழ்கியதா என்று கேள். ஊற்றாமலே அளவு ஏறியிருந்தால் மோந்து பார். டீசல் வாடை அடித்தால் டீசல் பம்ப்பிலோ இன்ஜெக்டரிலோ கசிவு. டீசல் கலந்த ஆயில் தண்ணியாகிவிடும், பிரஷர் நிற்காது. கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சொட்டு தேய்த்துப் பார். வெயிலில் மினுமினுத்தால் உலோகம் தேய்ந்து வருகிறது.

அதிகமாக ஊற்றுவதும் தப்பு. கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் தள்ளாது.

3. மீட்டரை நம்புவதற்கு முன் சோதி. லைட் சுவிட்ச் பத்து நிமிஷ வேலை. அதற்காக என்ஜினைப் பிரித்தவர்கள் உண்டு. சுவிட்சைக் கழற்றி அந்தத் துளையில் கையில் உள்ள கேஜை மாட்டு. சூடான என்ஜினுக்குப் பொதுவாக ஐட்லிங்கில் பிரஷர் 1 கிலோவுக்குக் குறையக் கூடாது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால் 3, 4 வரை ஏற வேண்டும். அந்தந்த வண்டியின் புத்தகத்தில் உள்ளதே கணக்கு.

4. கேஜ் சரியாகக் காட்டினாலும் ராக்கர் கவரைத் திற. கடைமடையைக் கண்ணால் பார்க்காமல் தண்ணீர் வந்துவிட்டது என்று எழுதுகிறவன் விவசாயி இல்லை. எல்லா என்ஜினிலும் ஆயில் கொட்டாது. சிலவற்றில் கசிந்து கசிந்துதான் வரும், பொறுமையாகப் பார். காய்ந்திருந்தால் ராக்கர் ஷாஃப்ட் துளைகளில் கசடு அடைத்திருக்கும். ஹெட் சமீபத்தில் இறக்கி ஏற்றியதா என்றும் கேள். பேக்கிங்கை மாற்றிப் போட்டு ஆயில் துளையை மூடிய வேலையைப் பார்த்திருக்கிறேன். என் இளவயதில் நானே செய்தும் இருக்கிறேன்.

5. பில்டர் மாற்றும்போது பழைய ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டியிருக்கிறதா என்று தடவிப் பார். அதன் மேலேயே புதியதை ஏற்றினால், வேலை நடுவில் பிய்த்துக்கொண்டு ஆயில் முழுவதும் வயலில் கொட்டும். கழற்றிய பில்டரை அறுத்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. செம்பு நிறத்தில் இருந்தால் பேரிங், புஷ். ஒட்டாத வெள்ளைத் தூள் என்றால் பெரும்பாலும் பிஸ்டன்.

6. இதுதான் நான் அதிகம் சொல்ல விரும்புவது: ஜல்லடை. சேம்பரைக் கழற்றினால் அடியில் என்ன கிடக்கிறது என்று கூச்சப்படாமல் பார், ஏனென்றால் அங்கே கிடப்பது பலமுறை மெக்கானிக்கின் வேலை. பனியன் வேஸ்ட்டால் உள்பக்கத்தைத் துடைக்காதே; நூல் நூலாகப் பிரிந்து ஜல்லடையில் போய்ப் படரும். பேக்கிங்குக்குச் சிலிக்கான் பேஸ்ட்டை அப்பாதே. வெளியே பிதுங்குவது உன் கண்ணுக்குத் தெரிகிறது; உள்ளே பிதுங்கியது பிய்ந்து, வால் மாதிரி ஜல்லடை வாயில் மாட்டிக்கொள்ளும். இப்படி அடைத்த வண்டி ஸ்டார்ட் செய்ததும் நல்ல பிரஷர் காட்டும், ஓட ஓடக் குறையும். அணைத்துச் சற்று விட்டால் அடைப்பு விலகி மறுபடி காட்டும். அதைப் பார்த்து ஏமாந்து பம்ப்பை மாற்றியவர்கள் பலர். பம்ப் நல்ல பம்ப். அதற்குக் குடிக்க விடவில்லை.

ஜல்லடைக் குழாயின் இணைப்பில் பேக்கிங் வறண்டு வெடித்திருந்தால் பம்ப் ஆயிலோடு காற்றையும் இழுக்கும். கேஜ் முள் நடுங்கும். சேற்றில் கேஜ் வீல் (கூண்டுச் சக்கரம்) போட்டு உழும்போது முன்பக்கம் தூக்கி வண்டி சாய்ந்தே ஓடினால், ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கியும் இப்படி நடக்கும். ஆகவே உழவு நேரத்தில் அளவு குறைய விடாதே.

7. ரிலீஃப் வால்வில் தூசி மாட்டித் திறந்தபடி நின்றால் ஆயில் சேம்பருக்கே திரும்பிவிடும். கழற்றிக் கழுவு, ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்று. ஆனால் ஸ்பிரிங்குக்கு அடியில் வாஷர் வைத்துப் பிரஷரை ஏற்றிக் காட்டாதே. தேய்ந்த பேரிங்கை மறைக்கத் தடித்த ஆயில் ஊற்றுவதும் அதே பாவம். விற்கப் போகிற வண்டிக்கு இப்படிச் செய்து தரச் சொல்லி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வாங்கப் போகிறவனும் கடன் எடுத்துத்தான் வருகிறான்.

8. என்ஜின் ஆறியிருக்கும்போது நல்ல பிரஷர், சூடேறியதும் விழுகிறது, அடியில் கனத்த தட்டல்: பேரிங். ரேடியேட்டரில் வைக்கோல் தூசி அடைத்துச் சூடு ஏறினாலும் ஆயில் இளகும், அதை முதலில் ஊதிச் சுத்தம் செய்.

9. ஓவர்ஹால் முடிந்த என்ஜினை உடனே ஓட விடாதே. பேரிங்குகளில் ஆயில் தடவித்தான் ஏற்றியிருப்பாய், பில்டரையும் நிரப்பு. ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஸ்டார்டரை விட்டு விட்டுச் சுற்று. கேஜ் முள் ஏறிய பிறகு கம்பியை விடு. ராக்கர் கவரை மூடாமல் வைத்திரு. அங்கே எண்ணெய் பூத்ததும் ஓனரைக் கூப்பிட்டுக் காட்டு.

10. பம்ப்செட் என்ஜின்களில் சில வகைக்கு ஆயில் பம்பே கிடையாது. கான்ராடின் அடியில் உள்ள கரண்டிதான் அள்ளித் தெளிக்கும். அங்கே அளவு கொஞ்சம் இறங்கினாலும் கரண்டிக்கு எட்டாது. லைட்டும் இல்லை, மீட்டரும் இல்லை. தினமும் ஸ்டிக் பார்க்கச் சொல்லிவிட்டு வா.

11. வடித்த ஆயிலை டின்னில் பிடி. பட்டறைக்குப் பின்னால் போவது வாய்க்கால்.