அருமையும் மயக்கமும்

மெய்ந்நூல் பயில்வாருட் சிலர் ஒரு கட்டுரையைப் படித்து முடித்தபின், “பொருள் விளங்கவில்லை; ஆயினும் மிக ஆழமானது” என்று வியந்து கூறுதலை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். விளங்காமையே ஆழத்திற்கு அடையாளம் என்னும் இவ்வெண்ணம் சித்தாந்தக் கல்விக்குப் பெருந்தடையாம். பொருளின் அருமை வேறு. சொல்லின் மயக்கம் வேறு. இவ்விரண்டன் வேறுபாட்டை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

நன்னூலார் நூலுக்குக் குற்றம் பத்தும் அழகு பத்தும் வகுத்தனர். மயங்க வைத்தல் என்பது குற்றங்களுள் ஒன்று. அழகினுள்ளோ விளங்க வைத்தலும் ஆழமுடைத்தாதலும் ஒருங்கே வைக்கப்பட்டன. இவை தம்முள் மாறுபடுவன ஆயின் ஒரு நூலுக்கே இரண்டனையும் அழகென விதித்தல் கூடாது. ஆகலின், தெளிவும் ஆழமும் ஓரிடத்தே நிற்றற்குரியன என்பதும், மயக்கம் ஆழத்தின் இனமன்று என்பதும் பெறப்படும். விளங்கிய உதாரணம் உடைமையையும் அவர் அழகென்றே எண்ணினமை நோக்கத்தக்கது.

அஃதேல், சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களில் முப்பொருளியல்பை அடக்கி நிற்கின்றது. ஒருமுறை படித்த அளவில் யார்க்கும் விளங்குவதில்லை. அதுவும் மயங்க வைத்தலாகாதோ எனின், ஆகாது. அடக்கி வைத்த பொருள் முறையாக விரியுமாயின் அது சுருக்கம். விரிக்கப் புகுந்தார்க்கு ஒன்றும் அகப்படாதாயின் அது மயக்கம். மெய்கண்டதேவர் சூத்திரத்தை வாளா விட்டாரல்லர். மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டும் தந்து, கற்பார் புகுதற்கு வழியும் வகுத்தார்.

எம் சோழநாட்டு உழவர் இதனை எளிதின் உணர்வர். கல்லணையில் நிற்கும் காவிரி நீர் அங்கு நின்றவாறே வயலிற் பாய்வதில்லை. ஆற்றினின்று வாய்க்காலும், அதனினின்று கிளைவாய்க்காலும், முடிவில் மடையுமாக வந்தே நாற்றங்காலை அடையும். சூத்திரம் ஆறு, உரை வாய்க்கால், உதாரணம் மடை. மடை அடைபடின், ஆற்றில் இருகரையும் நீர் நிறைந்து செல்லினும் பயிர் வாடும்.

யாம் இதனை உணர்ந்தது ஒரு நாணத்தின் வாயிலாக. இளம்பருவத்தில், காவிரிக்கரை ஊரொன்றின் கோயில் மண்டபத்தில் அத்துவிதம் என்னும் சொற்பொருளை விரித்துரைத்தோம். “இறைவன் உயிர்களோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்பன்” என்று தொடங்கி, தருக்கக் குறியீடுகளையும் வடசொற்றொடர்களையும் அடுக்கினோம். முடிவில் முதிய உழவர் ஒருவர் அணுகி, “ஐயா, பெரிய விஷயம் சொன்னீர்கள். வீட்டிற்குப் போனால் என்ன கேட்டு வந்தீர் என்பார்கள். கொண்டுபோக ஒன்று கொடுங்கள்” என்றார். “பெரியவரே, அடுத்த வாரம் சொல்லுகின்றோம்” என்று தப்பினோம். அன்றிரவு மூன்றனையும் எளிய சொல்லில் தனித்தனி எழுதப் புகுந்தபோது மூன்றாவதிற் கை நின்றுவிட்டது. ‘உடன்’ என்பது முன்னிரண்டின் மேல் யாது கூறுகின்றது என்பதை யாமே அறிந்திலேம். எம் அறியாமையைக் கேட்டாரினின்று மட்டுமன்றி எம்மினின்றும் மறைத்து வைத்திருந்தவை அந்நெடிய தொடர்களே.

மூன்றும் ஒரே வகையாற் கூறப்படின் அது மாறுகொளக் கூறலாம். எவ்வகையால் ஒன்று, எவ்வகையால் வேறு, எவ்வகையால் உடன் என வினாவுதலே திறவுகோல். உரையாசிரியர் இதற்கு மூன்று உதாரணம் காட்டுவர். உடலும் உயிரும் கலப்பினால் ஒன்று: ஒருவனைப் பெயர் சொல்லி அழைத்தால் உடல் வேறாகவும் உயிர் வேறாகவும் விடை வருவதில்லை. கண்ணும் கதிரவனும் பொருட்டன்மையால் வேறு: கதிரொளியிற் கலந்தே கண் காணுமாயினும், காட்டுவது ஒன்று, காண்பது மற்றொன்று. உயிரறிவும் கண்ணொளியும் போல உடன்: உயிரறிவு உடன்நின்று செலுத்தாதாயின் விழித்த கண்ணும் காணாது.

அடுத்த வாரம் பெரியவரிடம் இம்மூன்றாவதையே கூறினோம். “வரப்பில் நின்று நடவைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், நினைவு கடன்காரனிடம் போயிருக்கும், எதிரே வந்தவன் யாரென்று தெரியாது. அதுதானே ஐயா?” என்றார். அதுவே. கண்ணுக்கு உயிர் உடன்நிற்றல் போல, உயிருக்கு உயிராய் இறைவன் உடன்நிற்றலும் அவருக்கு அதன்பின் விளங்கிற்று.

எளிமை நுட்பத்தைக் கெடுக்கும் என்பார்க்குத் திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவரே விடையாவர். 1785-ஆம் ஆண்டில் சிவபதமெய்திய அப்பெரியார் சிவஞானபோதத்திற்கு மாபாடியமும் செய்தார், சிற்றுரையும் செய்தார். மாபாடியம் அரிதாதல் உண்மையே. பிற சமயத்தார் தடைகளை எழுப்பி ஒவ்வொன்றற்கும் விடையிறுத்துச் செல்லுதலின், தருக்கமும் ஆகமமும் பயின்றார்க்கே அது இடந்தரும். அவ்வருமை பொருளால் வந்தது. எனினும், தொடக்க மாணாக்கரை அவர் கைவிடாது சிற்றுரையால் தாங்கினர். அவருக்கு முன்னரே மனவாசகங்கடந்தார் மாணாக்கன் வினவ ஆசிரியர் விடையிறுக்கும் முறையில் உண்மைவிளக்கம் அருளியதும் இக்கருணை பற்றியே.

ஆதலின், மாணாக்கர் அரிய நூலைக் கண்டு அஞ்சி விடுதலும் வேண்டா; விளங்காததை விளங்காமை பற்றியே வணங்குதலும் வேண்டா. இருமுறை மும்முறை முயன்று, வல்லாரிடம் பாடங்கேட்டு, “இஃது எவ்வகையால்?” என்று வினாவுக. வினாவுந்தோறும் விரிவது அருமை. வினாவுந்தோறும் நழுவுவது மயக்கம். எழுதுவோரும் தாம் எழுதியதை ஓர் உதாரணத்தில் நிறுத்திக் காண்க. நில்லாதாயின், பிறருக்கு உரைக்குமுன் தாம் கற்கவேண்டுவது இன்னும் உண்டென்று அறிக.

திருச்சிற்றம்பலம்.