முட்டையும் கொலஸ்ட்ராலும்: மஞ்சள் கருவைத் தூக்கி எறியத்தான் வேண்டுமா?

கச்சிராயபாளையம் பக்கம் கோமுகி ஆற்றுப் பாசனத்தில் நெல்லும் கரும்பும், மேட்டுக்காட்டில் மரவள்ளியும் மக்காச்சோளமும் நிற்கின்றன. மேலே கல்வராயன் மலையில் சாமை, தினை, கேழ்வரகு. மேடோ பள்ளமோ, களத்தில் நாலு நாட்டுக்கோழி மேயாத வீடு குறைவு. ஆனால் நாற்பது வயதைத் தாண்டிய உழவர் ஒருவர் ரத்தப் பரிசோதனைக்குப் போய், "கொலஸ்ட்ரால் 240" என்று சீட்டு வாங்கி வந்துவிட்டால், வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது முட்டைதான். "மஞ்சக்கருவ எடுத்துடுங்க, வெள்ளக்கரு மட்டும் தின்னுங்க" என்று ஆளாளுக்குச் சொல்றாங்க. மஞ்சள் கரு நாய்க்குப் போகிறது.

இன்னொரு பக்கம், இயற்கை வழியில் இருக்கும் நம்மிடையே வேறொரு பேச்சு. "நாட்டுக்கோழி முட்டையில கொலஸ்ட்ராலே கெடையாது. எத்தன வேணா சாப்பிடு, மாத்திரைய நிறுத்திடு" என்று. இந்த இரண்டுமே சரியில்லை. முதலாவதால் நல்ல உணவு வீணாகிறது. இரண்டாவதால் உயிருக்கே ஆபத்து வரலாம். ஆகவே இந்தப் பாடத்தை நிதானமாகப் பார்ப்போம்.

கொலஸ்ட்ரால் என்பது என்ன?

கொலஸ்ட்ரால் விஷம் இல்லை. உடம்பின் ஒவ்வொரு செல்லின் சுவரிலும் அது இருக்கிறது. வைட்டமின் டி, பாலின ஹார்மோன்கள், செரிமானத்துக்கான பித்தநீர் எல்லாமே அதிலிருந்துதான் உருவாகின்றன. நமக்கு வேண்டியதில் பெரும்பகுதியை உடம்பே, முக்கியமாகக் கல்லீரல், செய்துகொள்கிறது. சாப்பாட்டில் வருவது சிறு பகுதிதான். சாப்பாட்டில் கூடினால் பெரும்பாலானவர்களுக்குக் கல்லீரல் தன் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும்.

ரத்தத்தில் அது தனியாக ஓடாது. புரத வண்டிகளில் ஏறித்தான் போகும். எல்டிஎல் என்ற வண்டி கொலஸ்ட்ராலை உடம்பெங்கும் கொண்டுபோகிறது. இந்த வண்டிகள் அளவுக்கு மேல் பல வருஷம் ஓடினால் ரத்தக்குழாய்ச் சுவரில் சரக்கை இறக்கி, வாய்க்காலில் வண்டல் படிவதைப் போல அடைப்பை உண்டாக்கும். எச்டிஎல் என்பது மிச்சத்தைத் திரும்பக் கல்லீரலுக்கு எடுத்துவரும் வண்டி. கல்லீரல் எல்டிஎல்லைப் பிடித்து உள்ளே இழுக்கும் 'கொக்கிகளை'க் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் என்ற இருவருக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கொக்கிகளை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

முட்டை மேல் பயம் எப்படி வந்தது?

1913-இல் ரஷ்யாவில் அனிச்கோவ் என்ற விஞ்ஞானி முயல்களுக்குக் கொலஸ்ட்ராலைக் கொடுத்துப் பார்த்தார். அவற்றின் ரத்தக்குழாய்கள் அடைத்துக்கொண்டன. ரத்தக் கொலஸ்ட்ராலுக்கும் அடைப்புக்கும் உறவு உண்டு என்று காட்டிய பெரிய வேலை அது. ஆனால் முயல் புல் தின்னும் பிராணி. சாப்பாட்டில் கொலஸ்ட்ரால் வந்து அதற்குப் பழக்கமே இல்லை. மனிதன் அப்படி அல்ல.

1968-இல் அமெரிக்க இதய சங்கம், நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது, வாரத்துக்கு மூன்று மஞ்சள் கருவுக்கு மேல் வேண்டாம் என்றது. அந்த அறிவுரைதான் உலகம் சுற்றி நம்ம ஊர் வரை வந்தது. 2015-ஆம் ஆண்டுக்கான அமெரிக்க உணவு வழிகாட்டி அந்த 300 என்ற எல்லையை எடுத்துவிட்டது. 2019-இல் அதே இதய சங்கம், ஆரோக்கியமானவர்கள் நாளைக்கு ஒரு முழு முட்டை சாப்பிடலாம் என்றது.

அப்படியானால் முட்டைக்கு முழு விடுதலையா? இல்லை. 2019-இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, சாப்பாட்டுக் கொலஸ்ட்ரால் கூடக்கூட இதய நோயும் கூடியதாகச் சொன்னது. 2020-இல் இந்தியா உட்பட 50 நாடுகளில் 1,77,000 பேரைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வோ, முட்டைக்கும் இதய நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றது. இரண்டையும் சேர்த்து மருத்துவ உலகம் இன்று சொல்வது, அளவாகச் சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்குப் பயமில்லை, சிலருக்கு மட்டும் கவனம் தேவை என்பதே.

ஆளுக்கு ஆள் வித்தியாசம் எவ்வளவு என்பதற்கு ஒரு வேடிக்கையான சான்று. 1991-இல் ஒரு அமெரிக்க மருத்துவ இதழ், 88 வயது முதியவர் ஒருவர் பல வருஷமாக நாளைக்கு 25 முட்டை சாப்பிட்டும் கொலஸ்ட்ரால் சாதாரண அளவில் இருந்ததாக எழுதியது. அவர் குடல் மிகக் குறைவாகவே அதை உறிஞ்சியது. இன்னும் சிலருக்கு ரெண்டு முட்டையிலேயே எல்டிஎல் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் உடம்பை வைத்து நம் உடம்பைக் கணக்குப் போடக் கூடாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறோம்.

நாட்டு முட்டையில் கொலஸ்ட்ரால் இல்லையா?

அடைக்கு வைத்த முட்டை 21 நாளில் குஞ்சாகிறது. மூளை, நரம்பு, ரத்தம் எல்லாம் அந்த ஓட்டுக்குள்ளேயே உருவாக வேண்டும். அதற்குக் கொலஸ்ட்ரால் இல்லாமல் முடியாது. ஆகவே கொலஸ்ட்ரால் இல்லாத முட்டை என்று ஒன்று கிடையாது. நாட்டுக்கோழியோ நாமக்கல் பண்ணையோ, மஞ்சள் கருவில் கிராமுக்குக் கிராம் இருக்கும் கொலஸ்ட்ரால் ஏறத்தாழ ஒன்றே. ஐம்பது கிராம் எடையுள்ள பண்ணை முட்டையில் சுமார் 185 மில்லிகிராம். நாட்டு முட்டை சிறியது, அதனால் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

மேய்ச்சல் கோழிக்கு வேறு பெருமைகள் உண்டு. கீரையும் புல்லும் தின்பதால் மஞ்சள் கருவில் கரோட்டின் வகை நிறமிகள் கூடும். வெயிலில் திரிவதால் வைட்டமின் டி கூடும். தீவனத்தைப் பொறுத்து ஒமேகா-3 கொழுப்பும் கூடும். முருங்கைக்கீரை, அசோலா, கரையான் கொடுத்து வளர்ப்பவர்கள் தைரியமாக இவற்றைச் சொல்லி விற்கலாம். "கொலஸ்ட்ரால் இல்லாத முட்டை" என்று மட்டும் சொல்லி விற்காதீர்கள். நம்மை நம்பி வாங்கும் ஒரு இதய நோயாளி அதைக் கேட்டு அளவு மீறினால், பாவம் நம்ம தலையில்தான்.

ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். அடை காக்கும் நாட்டுக்கோழி ஒரு தடவைக்கு 10 முதல் 15 முட்டை, வருஷத்தில் மூன்று நான்கு தடவை இடும். சராசரியாக 50 என்று வைத்தால், ஐந்து கோழிக்கு வருஷம் 250. நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 62. அதாவது வாரத்துக்கு ஒன்றுக்குச் சற்று மேல், அதுவும் அடைக்கு எதுவும் வைக்காமல் இருந்தால். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரையாகச் சொல்லப்படுவதோ ஆளுக்கு வருஷம் 180 முட்டை. வீட்டுக் கோழி முட்டையை மட்டும் தின்று கொலஸ்ட்ரால் ஏற்றிக்கொள்ள முடியுமா? அப்ப, 240 எங்கேயிருந்து வந்தது?

சீட்டை எப்படிப் படிப்பது?

மொத்தக் கொலஸ்ட்ரால் என்ற ஒரு எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படாதீர்கள். நாலு எண்ணைப் பாருங்கள்.

மொத்தம்: 200-க்குள் இருப்பது நல்லது.
எல்டிஎல்: 100-க்குள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மருத்துவர் 70-க்குள் கேட்பார். மாரடைப்பு வந்தவர்களுக்கு அதற்கும் கீழே.
எச்டிஎல்: ஆண்களுக்கு 40-க்கு மேல், பெண்களுக்கு 50-க்கு மேல்.
டிரைகிளிசரைடு: 150-க்குள்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து தமிழ்நாடு உட்பட நான்கு பகுதிகளில் செய்த ஆய்வு 2014-இல் வெளிவந்தது. மொத்தக் கொலஸ்ட்ரால் கூடியவர்கள் நூற்றுக்கு 14 பேர்தான். டிரைகிளிசரைடு கூடியவர்கள் 29 பேருக்கு மேல். எச்டிஎல் குறைந்தவர்கள் 72 பேர்! டிரைகிளிசரைடு ஏறுவதும் எச்டிஎல் இறங்குவதும் பெரும்பாலும் சேர்ந்தே நடக்கும். அதற்கு முக்கியக் காரணங்கள் தீட்டிய அரிசி, சர்க்கரை, உடலுழைப்புக் குறைவு, தொப்பை. நம் நாட்டில் சாப்பாட்டுச் சக்தியில் நூற்றுக்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று 2025-இல் அதே குழுவின் ஆய்வு சொன்னது.

மூன்று வேளையும் வெள்ளைச் சோறும் இட்லியும், நடுவே அஞ்சு தடவை சர்க்கரை போட்ட டீ, சாயங்காலம் மரவள்ளிக் கிழங்கு வறுவல். இதையெல்லாம் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு முட்டையை மட்டும் குற்றவாளி ஆக்குகிறோம்.

முட்டையை விட எதைக் கவனிக்க வேண்டும்?

எல்டிஎல்லை ஏற்றுவதில் சாப்பாட்டுக் கொலஸ்ட்ராலை விட நிறைவுற்ற கொழுப்புக்குப் பங்கு அதிகம். அது கல்லீரலின் கொக்கிகளைக் குறைத்துவிடும். ஒரு முட்டையில் நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம். ஒரு மேஜைக்கரண்டி நெய்யில் 8, 9 கிராம். எண்ணெய்களில் தேங்காய் எண்ணெய் நூற்றுக்கு 80-க்கு மேல், ரேஷன் பாமாயில் சுமார் 40, கடலை எண்ணெய் சுமார் 18, நல்லெண்ணெய் சுமார் 15.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மரச்செக்கில் ஆட்டினால் மணமும் சுவையும் கூடும், கலப்படம் இருக்காது. ஆனால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பு செக்கில் ஆட்டினாலும் அதே கொழுப்புதான். எல்டிஎல் கூடியவர்கள் செக்குக் கடலை எண்ணெயையும் நல்லெண்ணெயையும் அளவாக எடுத்துக்கொண்டு, தேங்காய் எண்ணெய், நெய், பாமாயிலைக் குறைப்பது நல்லது. வனஸ்பதியும், திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் பொரித்த பண்டமும் வேண்டவே வேண்டாம். முட்டையை வேகவைத்தோ குழம்பில் உடைத்து ஊற்றியோ சாப்பிடுங்கள். முட்டைப் பரோட்டாவில் கெடுதல் முட்டையால் வருவதல்ல.

எல்டிஎல்லை இறக்குவதற்கு நம் நிலத்திலேயே மருந்து உண்டு. கொள்ளு, மொச்சை, அவரை, வெந்தயம், வெண்டை, கீரை ஆகியவற்றின் கரையும் நார்ச்சத்து குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியேற்றும். புதிதாகப் பித்தநீர் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும். அதை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். சாமையும் தினையும் நல்லவை, ஆனால் அரிசி போல வெள்ளையாகத் தீட்டிவிட்டால் நாரெல்லாம் தவிட்டோடு போய்விடும். மலைக்காரர்களிடம் வாங்கும்போது தவிடு நீக்காததாகக் கேட்டு வாங்குங்கள்.

யாருக்கு எத்தனை முட்டை?

நாலு எண்ணும் சரியாக இருப்பவர்கள், வளரும் பிள்ளைகள்: நாளைக்கு ஒரு முழு முட்டை. பள்ளிச் சத்துணவில் 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகத் தொடங்கி, 2010-இல் வாரத்துக்கு ஐந்தாக ஆனது சும்மா இல்லை. மலிவான, முழுமையான புரதம் அது.

எல்டிஎல் கூடியவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள்: வாரத்துக்கு மூன்று, நான்கு முழு முட்டையோடு நிறுத்திக்கொள்ளலாம். வெள்ளைக் கருவில் கொலஸ்ட்ரால் இல்லை, அதைக் கூடுதலாகச் சேர்க்கலாம்.

மாரடைப்பு வந்தவர்கள், எல்டிஎல் 190-க்கு மேல் இருப்பவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு கண்டவர்கள்: மருத்துவர் சொல்லும் அளவே அளவு. இது பரம்பரையாக வரும் கோளாறாக இருக்கலாம். சாப்பாட்டை மட்டும் மாற்றி இதைச் சரிசெய்ய முடியாது. வீட்டில் பிள்ளைகளுக்கும் பரிசோதனை தேவை.

மாத்திரையை நிறுத்தலாமா?

'உணவே மருந்து' என்பதில் நமக்கு நம்பிக்கை உண்டு. ஆனால் எல்டிஎல் கூடினால் வலிக்காது, மயக்கம் வராது. மாத்திரையை நிறுத்தினாலும் உடனே ஒன்றும் தெரியாது. தெரிய வரும்போது அது மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ இருக்கும்.

அந்த மாத்திரையின் பூர்வீகத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஸ்டாட்டின் வகை மருந்தை 1970-களில் முதலில் கண்டவர் ஜப்பானில் உழவர் குடும்பத்தில் பிறந்த அகிரா எண்டோ. ஆயிரக்கணக்கான பூஞ்சைகளைச் சோதித்து, கடைசியில் கியோட்டோ நகரத்துத் தானியக் கடை அரிசியில் வளர்ந்த பூஞ்சணத்தில்தான் அதைக் கண்டெடுத்தார். டிரைக்கோடெர்மாவை எருவில் கலக்கும் நமக்குப் பூஞ்சை அந்நியமா என்ன? தசைவலி போன்ற தொந்தரவு இருந்தால் மருத்துவரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். நாமாக நிறுத்தக் கூடாது.

செய்து பார்ப்போம்

புது கரைசலை வயல் முழுக்கத் தெளிக்குமுன் ஒரு பாத்தியில் அடித்துப் பார்க்கிறோம் அல்லவா? உடம்புக்கும் அப்படியே செய்யலாம். இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ கேட்டு நாலு எண்ணையும் எடுத்துக் குறித்து வையுங்கள். மருத்துவர் கொடுத்த மாத்திரையைத் தொடருங்கள். ஒரு வேளைச் சோற்றைத் தீட்டாத சிறுதானியமாக மாற்றுங்கள். தினம் ஒரு கைப்பிடி பயறு. டீயில் சர்க்கரையைப் பாதியாக்குங்கள். டிராக்டரும் பைக்கும் வந்தபின் நின்றுபோன நடையைத் திரும்பத் தொடங்குங்கள். மேலே சொன்ன அளவில் முட்டை சாப்பிடுங்கள், மஞ்சள் கருவோடு.

மூன்று மாதம் கழித்து மறுபடி பரிசோதித்து, இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்டிஎல் இறங்கியிருந்தால் அப்படியே தொடரலாம். இறங்கவில்லை என்றால் இரண்டு சீட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முட்டையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை ஊர்ப் பேச்சைக் கேட்டு முடிவு செய்யாமல், உங்கள் ரத்தம் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.