மேப்பிளின் முதல் ஆண்டு

அன்புள்ள யாழினிக்கு,

நீ அனுப்பிய படம் கிடைத்தது. டோக்கியோவில் படிக்கப் போன கையோடு மேப்பிள் போன்சாய் வாங்கியிருக்கிறாயே, அத்தைக்கு ரொம்பச் சந்தோஷம். ஆனால் அதை உன் படிப்பு மேசையில் வைத்திருக்கிறாய். முதல் வேலையாகப் பால்கனிக்குக் கொண்டு போ. இது அறைக்குள் வாழும் செடி இல்லை. ஜப்பானின் மலைக்காடுகளில் பெரிய மரங்களின் நிழலில் வளரும் இனம். சின்னத் தொட்டியில் நட்டதால் அதன் குணம் மாறிவிடாது. மழை, காற்று, குளிர் எல்லாம் அதற்கு வேண்டும்.

காலை வெயில் விழுந்து, மதியத்துக்கு மேல் நிழல் வரும் மூலையாகப் பார். மேப்பிள் இலை மெல்லிசு. ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் வெயிலும் உலர்ந்த காற்றும் பட்டால் நுனிகள் கருகும். கருகிய இடம் திரும்பப் பச்சையாகாது. இலையுதிர் காலத்தில் அந்த இலையில் சிவப்பும் ஒழுங்காக ஏறாது. தொட்டியைச் சூடேறும் சிமென்ட் தரையில் வைக்காமல் ஒரு பலகை மேல் வை. ஏசியின் வெளிப்பெட்டி விடும் அனல் பக்கம் வைக்கவே வைக்காதே. பால்கனி மரங்கள் பல அதில்தான் போகின்றன.

இனி தண்ணீர். நீரூற்றக் கற்கவே மூன்று ஆண்டு ஆகும் என்று அங்கே போன்சாய் வளர்ப்பவர்கள் சொல்வார்கள். மிகையாகச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. உன் தொட்டியில் இருப்பது அக்கடாமா என்று நினைக்கிறேன். எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண், மிளகு அளவு உருண்டைகளாக இருக்கும். குனிந்து அதன் நிறத்தைக் கவனி. நனைந்திருக்கும்போது அடர்ந்த செம்பழுப்பு. காயக் காய வெளிறிக்கொண்டே வரும். மேல்மண் வெளிறத் தொடங்கியதும் பூவாளியால் மெதுவாக ஊற்று. அடித்துளை வழியாகத் தண்ணீர் ஓட வேண்டும். சற்று நேரம் விட்டு இன்னொரு முறை ஊற்று. அடியில் தட்டு வைத்துத் தண்ணீரைத் தேக்கினால் வேர் அழுகிவிடும்.

இன்ன மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைக்க முடியாது. வசந்தத்தில் நாளுக்கு ஒரு தடவை போதும். கோடையில் காலையும் மாலையும் கேட்கும். குளிர்காலத்தில் சில நாளுக்கு ஒரு முறைதான். ஜூன் மழையை நம்பிச் சும்மா இருந்துவிடாதே. இலைகள் குடைபோல் மூடியிருப்பதால் வெளியே கொட்டும் மழை தொட்டி மண்ணில் இறங்காமலே போவதுண்டு. ஆகஸ்டில் இரண்டு நாள் ஊர் சுற்றப் போனால் பக்கத்து அறைத் தோழியிடம் ஒப்படைத்துவிட்டுப் போ.

உரத்துக்கு அங்கே புண்ணாக்குதான் போடுகிறார்கள். கடுகு இனத்து விதையை ஆட்டி எடுத்த புண்ணாக்கு. உருண்டையாகக் கடையில் கிடைக்கும். இலை முற்றிய பிறகு மண் மேல் இரண்டு மூன்று வை. கடும் கோடையில் எடுத்துவிட்டு, செப்டம்பரில் திரும்ப வைக்கலாம். தளிரில் அசுவினி மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவு. அடிமரத்தருகே மரத்தூள் உதிர்ந்திருந்தால் மட்டும் அலட்சியம் கூடாது: நீள்கொம்பு வண்டின் புழு உள்ளே துளைக்கிறது என்று அர்த்தம். அன்றே வாங்கிய கடைக்காரரிடம் காட்டு.

கத்தரியும் கிளையை வளைக்கும் கம்பியும் உன் கையை இழுக்கும், தெரியும். இந்த ஆண்டு வேண்டாம். மேப்பிளின் பட்டை மென்மையானது. கம்பி அழுந்திய தடம் பல ஆண்டு மறையாது. குளிர்காலக் கடைசியில் கிளையை வெட்டினால் வெட்டிய இடத்தில் சாறு ஒழுகும். நீளும் தளிர்களை மட்டும் கிள்ளு. மேப்பிளில் இலைகள் எதிரெதிரே இரண்டிரண்டாக வரும். முதல் ஜோடி விரிந்ததும் நடுவே எட்டிப் பார்க்கும் குருத்தை விரல் நுனியால் கிள்ளிவிடு. கிளை நுனிகள் நுணுக்கமாகப் பிரிவது இதனால்தான். தொட்டி மாற்றும் வேலை மொட்டு விரியும் முன், மார்ச்சில். அப்போது அத்தை கூட இருக்கிறேன், தனியாகச் செய்யாதே.

நவம்பர் கடைசியில் சிவந்து, டிசம்பரில் மொட்டையாக நிற்கும். செத்துவிட்டதோ என்று பயந்து அறைக்குள் தூக்கிவராதே. பல வாரம் குளிரில் உறங்கினால்தான் அடுத்த வசந்தத்தில் அது ஒழுங்காகத் துளிர்க்கும். பனிக்காற்று நேராக அடிக்காமல் சுவரோரம் நகர்த்தி வை, மண் முழுக்கக் காய விடாதே, அவ்வளவே. அம்மா தனக்கும் ஒன்று கேட்டாளாம். சென்னையில் அந்தக் குளிர் கிடையாது. மேப்பிள் மெல்ல நலிந்துவிடும். அவளுக்கு ஆலோ இத்தியோ போதும் என்று நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமியாவுக்குப் போய்விட்டு வா. டோக்கியோவிலிருந்து ரயிலில் பக்கம்தான். 1923 நிலநடுக்கத்துக்குப் பின் டோக்கியோவின் போன்சாய் வளர்ப்பாளர்கள் நல்ல மண்ணும் நீரும் தேடி அங்கே குடிபெயர்ந்து, 1925இல் போன்சாய் கிராமத்தை உருவாக்கினார்கள். 2010இல் திறந்த அருங்காட்சியகமும் அங்கே இருக்கிறது. எல்லோரும் சிவந்த இலையைப் பார்க்க நவம்பரில் போவார்கள். நீ ஜனவரியில் போ. இலை இல்லாதபோதுதான் மேப்பிளின் கிளைகளில் வளர்த்தவரின் கைவேலை முழுதாகத் தெரியும்.

அன்புடன்,
அத்தை